எட்டரை அங்குலம்

முன்பெல்லாம் கடலூரிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போனவர்கள், வண்டலூர் உயிரியல் பூங்காவைத் தாண்டியதுமே பெருங்களத்தூரில் இறங்க மூட்டைகளை எடுத்துவைத்துக்கொள்வார்கள். அந்தச் சில நிமிடங்களில் சாலையோரம் கணினி நிறுவனக் கட்டடங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் உயர்ந்து நிற்பது கண்ணில் படும். அந்த வட்டாரத்தில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் வண்டி செய்தது. ஒரு காலத்தில் டாக்டர் வீட்டு வாசலிலும் வக்கீல் வீட்டு வாசலிலும் நின்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு அங்கே பிறந்த கார். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் அதே ஹெரால்டின் சேஸியை எடுத்து, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான நீளத்தை 91.5 அங்குலத்திலிருந்து 83 அங்குலமாகக் குறைத்து, ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்று அதற்குப் பெயர். இந்தியச் சாலையில் காண்பதற்கே அரிதான அந்தக் கார், நம் ஊர் ஹெரால்டின் உடன்பிறப்பு. குறைத்தது எட்டரை அங்குலம்தான். அந்த எட்டரை அங்குலத்தை நாம் ஏன் குறைக்கவில்லை என்ற கேள்வி பழைய கார் ரசிகர்களின் பொழுதுபோக்குக் கேள்வி என்று நான் நினைக்கவில்லை. ஆண்டுக்குப் பல லட்சம் கார்களைச் செய்து அனுப்பும் இன்றைய தமிழ்நாடு தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

ஹெரால்டு பிறந்த கதையே ஒரு தட்டுப்பாட்டின் கதை. 1950-களில் உலகம் முழுக்க கார்கள் தனிச் சேஸி இல்லாமல், உடலே எலும்புக்கூடாக அமையும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனத்துக்கு உடல் தகடுகளை அழுத்திக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற ஆலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்து தர ஆள் இல்லை. ஆகவே பழைய பாணியில் தனியாக ஒரு இரும்புச் சேஸியைச் செய்து, பல ஆலைகளில் செய்த துண்டுத் துண்டான தகடுகளை அதன்மேல் போல்ட் போட்டு மூட்டினார்கள். உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் ஜோவன்னி மிக்கெலோட்டி. 1959 ஏப்ரலில் கார் வெளிவந்தது. முன்பக்க மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரே மூடியாக முன்னோக்கி மடங்கித் திறக்கும். மெக்கானிக் முன் டயரின் மேல் உட்கார்ந்தபடியே இன்ஜினைக் கழற்றிப் பூட்டலாம். 25 அடி வட்டத்துக்குள் வண்டியைத் திருப்பிவிடலாம். எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, உடல் வேறு சேஸி வேறாக இருந்ததால் ஒரே சேஸியின் மேல் சலூன், திறந்த கூரை வண்டி, எஸ்டேட், வேன் என்று எதை வேண்டுமானாலும் ஏற்றலாம். தட்டுப்பாடு கட்டாயப்படுத்திய அமைப்பு, மாற்றிச் செய்யும் சுதந்திரத்தை அந்தக் காருக்குள்ளேயே வைத்துவிட்டது.

அந்தச் சுதந்திரத்தின் பலன்தான் ஸ்பிட்ஃபயர். ஹெரால்டை வைத்து ஒரு சிறிய இருவர் காரை மிக்கெலோட்டி வரைந்து, மாதிரி வண்டியும் செய்து முடித்திருந்தார். அதற்குள் நிறுவனம் நொடித்துப்போய்க் கையில் காசில்லாமல் நின்றது. மாதிரி வண்டி தொழிற்சாலை மூலையில் தூசித் துணி போர்த்திக் கிடந்தது. 1961-ல் நிறுவனத்தை லேலண்ட் வாங்கியது. ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்த லேலண்ட் அதிகாரிகள் அந்தத் துணியை விலக்கிப் பார்த்தார்கள். இதைச் செய்யலாம் என்று முடிவெடுத்தார்கள். 1962 அக்டோபரில் லண்டன் கார் கண்காட்சியில் ஸ்பிட்ஃபயர் நின்றது. அதற்காகப் புதிதாகக் கண்டுபிடித்தது என்று அதில் அநேகமாக எதுவும் இல்லை. சேஸியின் பக்கச் சட்டங்களை எடுத்துவிட்டு நடு முதுகெலும்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதே இன்ஜினின் 1147 சி.சி. வடிவத்துக்கு இரண்டு கார்புரேட்டர் வைத்தார்கள். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள். தொடக்க கால ஹெரால்டின் 948 சி.சி. இன்ஜின் ஏறக்குறைய 35 குதிரைத்திறன் தந்தது. ஸ்பிட்ஃபயர் 63 தந்தது. மணிக்கு 145 கிலோமீட்டரைத் தாண்டி ஓடியது. 1965-ல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், பந்தயத்துக்கென்று மெருகேற்றிய இரண்டு ஸ்பிட்ஃபயர்கள் ஒட்டுமொத்தத்தில் 13-வதாகவும் 14-வதாகவும் வந்து, தங்கள் இன்ஜின் வகுப்பில் முதலிரண்டு இடங்களையும் பிடித்தன. இரவும் பகலும் நிற்காமல் ஓடிய அந்த இன்ஜின், ஒரு குடும்பக் காரின் இன்ஜினிலிருந்து வளர்ந்தது. 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் விற்றன. அவற்றில் பெரும்பகுதி கப்பலேறி அந்நியச் செலாவணி சம்பாதித்தது.

இப்போது வண்டலூர்ப் பக்கம் வருவோம். யூனியன் கம்பெனியும் பிரிட்டனின் ஸ்டாண்டர்டு நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து 1948-ல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கின. வேன்கார்டு, எய்ட், டென் என்று கார்கள் வந்தன. 1961-ல் ஹெரால்டு வந்தது. ஆண்டுக்காண்டு உள்நாட்டு உதிரிபாகங்களின் பங்கு கூடிக்கொண்டே போனது. பிரிட்டனில் அந்த இன்ஜின் 803, 948, 1147, 1296, 1493 சி.சி. என்று படிப்படியாக வளர்ந்தது. சென்னையில் அது 948-லேயே நின்றது. ஹெரால்டின் கடைசி வாரிசாக 1970-களில் வந்த கெசல் காரிலும் அதே 948 சி.சி.தான். 1977-ல் கெசல் நின்றபோது, ஹெரால்டு வழிச் சலூன்களில் உலகிலேயே கடைசியாக உற்பத்தியான கார் என்ற பெயர் அநேகமாக அதற்குத்தான் சேரும். ஒரே விதை இரண்டு நிலங்களில் விழுந்தது. ஒரு நிலத்தில் கிளை விட்டது. இன்னொரு நிலத்தில் தொட்டிச் செடியாகவே பதினாறு ஆண்டுகள் இருந்தது.

நம்மவர்களுக்குத் திறமை போதவில்லை என்று இதற்குக் காரணம் சொன்னால் அது உண்மைக்குப் புறம்பு. இரண்டு சான்றுகளைச் சொல்கிறேன். பிரிட்டனில் ஹெரால்டு சலூனுக்கு எப்போதும் இரண்டே கதவுதான். நான்கு கதவு வைத்த ஹெரால்டு சென்னையில் மட்டுமே உருவானது. கூட்டுக் குடும்பம் ஏறும் நாட்டில் முன் இருக்கையை மடக்கிப் பின்னால் நுழைவது சரிப்படாது என்று உணர்ந்து, நம் பொறியாளர்கள் உடலையே மாற்றி அமைத்தார்கள். இரண்டாவது சான்று இன்னும் நுட்பமானது. ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி அரை அச்சில், நடுவில் கீல் வைத்ததுபோல் மேலும் கீழும் ஆடும். மேடுபள்ளத்தில் சொகுசு. ஆனால் வளைவில் வேகமாகத் திரும்பும்போது, அதிலும் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், வண்டியின் பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கும், டயரின் விளிம்பு மட்டும் தரையைப் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்பிட்ஃபயரும் இந்தக் குறையோடுதான் பிறந்தது. கோவென்ட்ரிக்காரர்கள் 1970-ல் நான்காம் பதிப்பில் ஸ்பிரிங்கின் அமைப்பை மாற்றி இதைச் சரிசெய்தார்கள். அதே கால அளவில் சென்னைக்காரர்கள் கெசலுக்கு ஒரே குழலாக அமைந்த கெட்டி அச்சை வைத்து வேறு வழியில் தீர்த்தார்கள். நம் சாலைக்கும் நம் மெக்கானிக்குக்கும் எது பொருந்தும் என்று யோசித்து எடுத்த முடிவு அது. ஒரே நோய்க்கு இரண்டு ஊர்களில் இரண்டு வைத்தியம் செய்திருக்கிறார்கள். வைத்தியம் தெரிந்தவர்களிடம் அறிவுக் குறை எங்கிருந்து வரும்?

குறை வேறிடத்தில் இருந்தது. 1951-ன் தொழில்கள் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், எதைச் செய்யலாம், எவ்வளவு செய்யலாம் என்பதை டெல்லி முடிவு செய்யும் நிலையை உண்டாக்கியது. 1953-ல் சுங்கத் தீர்வை ஆணையம் பரிந்துரைத்ததை அடுத்து, முழு உற்பத்தித் திட்டம் இல்லாத நிறுவனங்கள் வெளியேறின. கார் செய்ய ஹிந்துஸ்தான், பிரீமியர், ஸ்டாண்டர்டு என்று மூவர் மட்டும் மிஞ்சினார்கள். புதிய எந்திரம் இறக்க அனுமதி, அந்நியச் செலாவணிக்கு அனுமதி, உற்பத்தியைக் கூட்ட அனுமதி என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு கோப்பு நகர வேண்டும். 1969-ல் காரின் விற்பனை விலையையும் அரசே நிர்ணயித்தது. மூன்று நிறுவனங்களும் உச்ச நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. காரை மேம்படுத்தினால் கூடுதல் விலை கிடைக்குமா என்று தெரியாது. மேம்படுத்தாவிட்டாலும் வாங்க ஆள் வரிசையில் நிற்பார்கள். அந்த நிலையில் யார் கைக்காசைப் போட்டு இன்ஜினைப் பெரிதாக்குவார்? நம்மிடம் உரிமம் இருந்தது, உரிமை இல்லை. செய்வதற்கு உரிமம், மாற்றுவதற்கு உரிமை என்ற இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாமே விளங்கிவிடும்.

இதற்கு இன்னும் அழுத்தமான சாட்சி ஒரு இன்ஜின். ஸ்டாண்டர்டு வேன்கார்டு காருக்கான 2088 சி.சி. நான்கு சிலிண்டர் இன்ஜின், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கோவென்ட்ரியில் உருவானது. ஃபெர்குசன் டிராக்டரும் அந்தக் குடும்பத்து இன்ஜினை வைத்துத்தான் வயலை உழுதது. பின்னாளில் மாசி ஃபெர்குசன் ஆகி, டாஃபே நிறுவனத்தின் வழியாகச் சென்னையிலேயே தயாராகி நம் டெல்டா வயல்களில் இறங்கிய அதே ஃபெர்குசன் பெயர்தான். டிரையம்ஃப் பொறியாளர்கள் அந்த இன்ஜினின் சிலிண்டர் குழல்களைச் சற்றுக் குறுக்கி, 1991 சி.சி. ஆக்கி, இரண்டு கார்புரேட்டர் பூட்டி, டி.ஆர்.2 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தார்கள். 1953 மே மாதம் பெல்ஜியத்தின் யாபெக்கே நெடுஞ்சாலையில், காற்றுத் தடையைக் குறைக்கச் சில மாற்றங்கள் செய்த டி.ஆர்.2, மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொட்டது. ஏர் பூட்டிய மாட்டையே பந்தயத்திலும் ஓடவிட்டது போன்ற காரியம் இது. வேகம் விலையுயர்ந்த பொருட்களால் மட்டும் வருவதில்லை, இருப்பதைப் பொருத்தும் விதத்தால் வருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்த இன்ஜினின் கடைசி அத்தியாயமும் சென்னையில்தான் எழுதப்பட்டது, மிக வருத்தமான முறையில். 1976-ல் பிரிட்டனில் ரோவர் எஸ்.டி.1 வெளிவந்தது. டேவிட் பாக்கே வரைந்த உருவம், ஸ்பென் கிங்கின் பொறியியல், 3528 சி.சி. வி-8 இன்ஜின், மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வேகம். 1977-ல் ஐரோப்பாவின் ஆண்டுச் சிறந்த கார் என்ற விருதைப் பெற்றது. அதன் வேகப் பதிப்பான விட்டெஸ்ஸை ஓட்டி ஆண்டி ரவுஸ் 1984-ல் பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன் ஆனார். அந்த உடலைச் சென்னைக்குக் கொண்டுவந்து 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரில் விட்டார்கள். உடலுக்குள் வைத்ததோ 1991 சி.சி. பழைய வேன்கார்டு இன்ஜின். 83 குதிரைத்திறன். முப்பது ஆண்டுகளுக்கு முன் டி.ஆர்.2-வில் அந்த இன்ஜின் தந்த 90-ஐவிடக் குறைவு. டி.ஆர்.2-வைப் போல ஒன்றரை மடங்கு எடையுள்ள உடலை அது இழுக்க வேண்டியிருந்தது. விலையோ அதிகம். அதே சமயம் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 சிறிய இன்ஜின், குறைந்த விலை, குறைந்த பெட்ரோல் செலவு என்று சந்தையைப் பிடித்துக்கொண்டது. 1988-ல் ஸ்டாண்டர்டு 2000 நின்றது. தொழிற்சாலையும் மூடியது. மிச்சமிருந்த எஸ்.டி.1 உதிரிபாகங்களை பிரிட்டனில் இருந்த ஒரு பழைய கார் உதிரிபாக வணிகர் வாங்கிக் கப்பலில் திருப்பி எடுத்துக்கொண்டார். அவர்கள் ஊர் ரசிகர்கள் தங்கள் ரோவர்களைப் பாதுகாக்க, நம் கிடங்கிலிருந்து சாமான் போனது. முகம் மட்டும் கடன் வாங்கி, இதயத்தை வளர்க்காமல் விட்டதன் முடிவு அது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது நியாயம். முதல் வாதம்: 1960-களில் கப்பலில் கோதுமை வந்தால்தான் அடுப்பு எரியும் என்றிருந்த நாட்டுக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு? நியாயமான கேள்விதான். ஆனால் ஸ்பிட்ஃபயர் மகாராஜாக்களின் கார் அல்ல. சாதாரண உதிரிபாகங்களால் செய்ததால் பிரிட்டனின் இளம் சம்பளக்காரர்கள் வாங்கக்கூடிய விலையில் இருந்தது. அதைவிட முக்கியம், அந்த இன்ஜினை வளர்த்த அறிவு ஸ்போர்ட்ஸ் காருக்கும் குடும்பக் கார்களுக்கும் சேர்த்தே பயன்பட்டது. பிரிட்டன் ஹெரால்டும் 1147-க்கும் பிறகு 1296 சி.சி.க்கும் வளர்ந்தது. ஏற்றம் ஏறும்போது திணறாத இன்ஜின், மழையில் நம்பி மிதிக்கக்கூடிய பிரேக் ஆகியவை பந்தயக்காரரைவிட, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் தகப்பனுக்கே அதிகம் தேவை. அந்நியச் செலாவணிக்குத் தவித்த நாடு, அந்நியச் செலாவணி ஈட்டிக் கொடுத்த ஒரு காரின் உறுப்புகளைக் கையில் வைத்துக்கொண்டே தவித்தது என்பதுதான் கசப்பான உண்மை.

இரண்டாவது வாதம்: கொள்கையைக் குறைசொல்லாதீர்கள், நிர்வாகம் சரியில்லை, தரம் சரியில்லை, தொழிலாளர் தகராறு. இவற்றில் உண்மை இருக்கலாம். ஆனால் ஒரு நிறுவனத்தின் நிர்வாகம் மட்டுமே காரணம் என்றால் மற்ற இரண்டும் முன்னேறியிருக்க வேண்டும். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1957-ல் வந்த அம்பாசடர், 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு உருவத்தோடேயே 2014 வரை ஓடியது. பம்பாயில் பிரீமியர் பத்மினி, 1960-களின் ஃபியட்டாகவே நூற்றாண்டின் முடிவு வரை வந்தது. மூன்று நகரங்களில் மூன்று முதலாளிகள் மூன்று வகைத் தொழிலாளர்களை வைத்து நடத்திய ஆலைகள், மூன்றும் உறைந்துபோயின. வீட்டுக்கு வீடு ஒரே காய்ச்சல் என்றால் கிணற்றுத் தண்ணீரைத்தான் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது வாதம் சற்றுக் கனமானது. அதே 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆகி, எண்ணூரில் லாரியும் பேருந்தும் செய்த நிறுவனம் அதே உரிமக் காலத்தில் வளர்ந்ததே? வளர்ந்தது உண்மை. அதே லேலண்ட்தான் கோவென்ட்ரியில் அந்தத் தூசித் துணியை விலக்கியது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். லாரியும் பேருந்தும் நாட்டுக்கு அவசியம் என்று அரசு கருதியது. அதனால் அங்கே வளர இடம் கிடைத்தது. கார் ஆடம்பரம் என்று கருதப்பட்டதால் அதன் கதவு சாத்தப்பட்டது. ஒரே நகரம், ஒரே தலைமுறைப் பொறியாளர்கள், ஒரே வகைப் பிரிட்டிஷ் உறவு. இடம் கொடுத்த இடத்தில் வளர்ச்சி, கொடுக்காத இடத்தில் தேக்கம். இந்த எடுத்துக்காட்டு என் வாதத்தை மறுக்கவில்லை, வலுப்படுத்துகிறது.

நான்காவதாக, சுதந்திரம் இருந்த பிரிட்டிஷ்காரர்கள் மட்டும் என்ன வாழ்ந்துவிட்டார்கள் என்று கேட்கலாம். பிரிட்டிஷ் லேலண்ட் நொறுங்கியது. டிரையம்ஃப் கார்கள் 1984-ல் நின்றன. ரோவரும் பின்னால் போய்ச் சேர்ந்தது. ஆனால் நிறுவனங்கள் செத்தபோதும் அங்கே கைத்திறன் சாகவில்லை. இன்றும் ஃபார்முலா ஒன் அணிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில்தான் பட்டறை வைத்திருக்கின்றன. மாற்றிப் பழகிய கை, ஒரு நிறுவனம் மூடினால் அடுத்த நிறுவனத்தில் வேலை செய்கிறது. பூட்டி மட்டுமே பழகிய கை, ஆலை மூடியதும் சும்மா நிற்கிறது.

மாற்றும் உரிமை கிடைத்த இடங்களில் தமிழர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். பந்தயக் களத்தில் உரிமக் கோப்பு குறுக்கே வரவில்லை. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், போர்க்காலத்து விமான ஓடுதளமாகக் கிடந்த சோழவரத்தைப் பந்தயத் தடமாக்கியது. அங்கே பட்டறைகளில் மெருகேற்றிய ஹெரால்டுகளும் ஓடின. கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800-ன் சாதாரண இன்ஜினை எடுத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைச் செய்தார். அந்தச் சூழலில் வளர்ந்த கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்த முதல் இந்தியர் ஆனார். நம் கடலூர்த் தேவனாம்பட்டினம் கரைக்கே வந்து பாருங்கள். கட்டுமரமும் வள்ளமும் ஓட்டிய சமூகம் ஃபைபர் படகுக்கு மாறி, சிறிய டீசல் இன்ஜினில் நீண்ட தண்டைப் பூட்டி அலையை மோதிக் கடக்கிறது. எவ்வளவு நீளம், முன்பக்கம் எவ்வளவு தூக்கல் என்பதைக் கடலும் கையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. தமிழகக் கடற்கரையில் ஒருவகைச் சிறு ஃபைபர் படகுக்கு மாருதி என்றே பெயர் உண்டு. எட்டரை அங்குலம் குறைக்க அவர்கள் யாரிடமும் மனுப் போடவில்லை.

இன்னும் முழுமையான சான்று ராயல் என்ஃபீல்டு. 1955-ல் திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கிய ஆலை, 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் தாய் நிறுவனம் மறைந்த பிறகும் அதே வண்டியைப் பல பத்தாண்டுகள் செய்துகொண்டிருந்தது. ஹெரால்டு போலவே உறைந்த வண்டி. 1994-ல் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்து, பிறகு வடிவமைப்பில் பணத்தைக் கொட்டியதும் கதை மாறியது. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் சொந்தத் தொழில்நுட்ப மையமே வைத்தார்கள். 2018-ல் வந்த இன்டர்செப்டர் 650, பழைய பிரிட்டிஷ் பெயர் தாங்கிய இரட்டைச் சிலிண்டர் வண்டி. தமிழ்நாட்டில் செய்து பிரிட்டனுக்கே விற்கிறார்கள். கோவென்ட்ரி ஹெரால்டுக்குச் செய்ததை நாம் புல்லட்டின் வாரிசுகளுக்குச் செய்துகாட்டினோம். நம்மால் முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இப்போது இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களையும் அங்கே செய்வதாக அப்போது அறிவித்தார்கள். எஸ்.டி.1 முதலில் உருவான சோலிஹல் வளாகம் இன்று ஜாகுவார் லேண்ட் ரோவரின் முக்கிய ஆலைகளில் ஒன்று. டிரையம்ஃப் கார் பெயரின் உரிமை இன்று பி.எம்.டபிள்யூவிடம் இருக்கிறது. அதன் இந்திய ஆலையும் பெருங்களத்தூருக்குத் தெற்கே, அதே ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம்தான். சரித்திரம் நம் வாசலுக்கே இரண்டாம் முறை வந்து நிற்கிறது. முதல் முறை நாம் கற்ற பாடத்தை மறைமலை நகர் மீண்டும் சொல்லிக்கொடுத்தது. அமெரிக்காவில் எடுத்த ஒரு முடிவால் 2022-ல் அங்கிருந்த ஃபோர்டு ஆலை உற்பத்தியை நிறுத்தியது. ஆனால் சென்னையில் அதே ஃபோர்டுக்காகப் பொறியியல், கணினி, கணக்கு வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கானோரின் மேசைகள் காலியாகவில்லை. பூட்டும் வேலை போகலாம், யோசிக்கும் வேலை அவ்வளவு எளிதில் போகாது.

ஆகவே புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒவ்வொன்றையும் எத்தனை கோடி, எத்தனை வேலை என்று மட்டும் அளக்கும் வழக்கத்தை அரசு மாற்ற வேண்டும். எந்த உறுப்பின் வரைபடத்தை இங்கே மாற்றலாம், எந்த மாதிரியின் கடைசி முடிவு இங்கே எடுக்கப்படும் என்றும் கேட்க வேண்டும். சலுகைகளின் ஒரு பகுதியை அந்தப் பதிலோடு கட்ட வேண்டும். செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா ஆராய்ச்சி மையம் இருக்கிறதே, இதெல்லாம் நடக்கத்தானே செய்கிறது என்பார்கள். நடக்கிறது, மகிழ்ச்சி. நடக்கும் இடம் விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாக வேண்டும் என்பதே கோரிக்கை. 1949-லேயே குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஆட்டோமொபைல் பொறியியல் தொடங்கிய மாநிலம் இது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் முதல் கோவைக் கல்லூரிகள் வரை இயந்திரவியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஆண்டுதோறும் நடக்கும் மாணவர் ஃபார்முலா போட்டிக்கு, தாங்களே வரைந்து வெல்டிங் அடித்த கார்களோடு பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்கு லேத்தும் பட்டறையும் கொடுங்கள். தப்புச் செய்யவும் இடம் கொடுங்கள். லெ மானில் ஓடிய ஸ்பிட்ஃபயர்களும் முதல் ஆண்டிலேயே ஜெயித்துவிடவில்லை. 1964-ல் மூன்று போய் ஒன்றுதான் பந்தயத்தை முடித்தது.

பெருங்களத்தூரில் சேஸி இருந்தது, இன்ஜின் இருந்தது, அதை அக்குவேறு ஆணிவேறாக அறிந்த தொழிலாளிகள் இருந்தார்கள். கதவைக் கூட்டவும் அச்சை மாற்றவும் தெரிந்த பொறியாளர்கள் இருந்தார்கள். ஒரு குடும்பக் காருக்கும் லெ மானில் தன் வகுப்பை வென்ற காருக்கும் இடையே எட்டரை அங்குலமே இருந்தது. அளந்து வெட்டும் உரிமை மட்டும் அன்று நம்மிடம் இல்லை. இன்று அதைக் கேட்டு வாங்கும் இடத்தில் நாம் இருக்கிறோம். கேட்க வேண்டும்.